சுழலாத பலகை

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது அம்மையார்குப்பம். தறிச் சத்தத்துக்குப் பேர்போன சேலை நெசவு ஊர். ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் இருக்கும் இந்த ஊரில் மார்கழி விடியலில் புல்நுனி நனைவதோடு பனியின் கதை முடிந்துவிடும். ஆளை இடுப்பளவு விழுங்கும் பனிக்குவியலை இங்கே யாரும் கண்டதில்லை. ஆனாலும் அந்தப் பனிக்குவியலில் ஓடும் ஒரு வண்டியின் புதிரை அவிழ்க்க, ஊருக்கு வெளியே சேடை ஓட்டுகிற, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுகிற, கழனியைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

புதிர் இதுதான். கனடாவிலும் அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியிலும் ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டி ஓட்டுகிறவர்களில் சிலர், நல்ல காசு கொடுத்து வாங்கிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் கால்பலகையின் பின்பகுதியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடுகிறார்கள். ஆழமான பனியில் வண்டி மேலும் நன்றாக ஓடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கேட்டதும் தலைகீழாகத்தான் தோன்றும். பலகை அகலமாக, நீளமாக இருந்தால்தானே வண்டி பனியில் புதையாமல் மிதக்கும்? பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோமே?

படித்தது சரிதான். அந்தப் பரப்பு என்ன வேலை செய்கிறது என்ற கேள்வியைத்தான் பாடப்புத்தகம் கேட்காமல் விட்டது.

முதலில் பரம்பைப் பார்ப்போம். நடவுக்கு முன் கழனியைச் சமன் செய்ய இழுக்கும் கனத்த மரப்பலகை அது. மாடு கட்டிய காலத்தில் ஓட்டுகிறவர் அந்தப் பலகையின் மேலேயே ஏறி நின்றுகொள்வார். அவர் எடையோடு பலகை சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். மேட்டு மண் பள்ளத்துக்கு வரும். அவர் உடம்பை முன்னால் சாய்த்தால் பலகையின் முன்விளிம்பு சேற்றுக்குள் குத்தி, மண்ணைக் குவித்துக்கொண்டு முக்கும். பின்னால் சாய்ந்தால் முன்விளிம்பு தூக்கிக்கொள்ளும், பலகை லேசாகும். பழகியவர்கள் இதைக் குதிகாலிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் காட்சியில் பலகை ஒரு ஆளின் எடையைத் தாங்குகிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. காரணம், இழுக்கிற வேலை மாட்டின் குளம்புக்கு. அந்தக் குளம்புக்கு வேண்டிய பிடியை மாட்டின் எடை தனியாகக் கொடுக்கிறது. இந்த வேலைக்கு மாடு எவ்வளவு பொருத்தம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஊன்றும்போது விரிந்து பரப்பைக் கூட்டுகிறது. தூக்கும்போது குவிந்து, பக்கவாட்டில் காற்றை உள்ளே விட்டுச் சேற்றின் உறிஞ்சலை உடைக்கிறது. பிளவில்லாத குதிரைக் குளம்புக்கு இந்த வசதி கிடையாது. குதிரையைக் கொண்டு சேடை ஓட்டாததற்கு விலை மட்டும் காரணமில்லை.

மாட்டின் இடத்துக்கு டிராக்டர் வந்ததும் கணக்கு மாறியது. டிராக்டரின் பின்டயரில் காற்றழுத்தம் பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். டயர் தரையில் பதிக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதுதான். சேற்றுக்கு அது அதிகம். அதனால்தான் டயரோடு சேர்த்தோ, டயரைக் கழற்றிவிட்டோ கேஜ் வீல் மாட்டுகிறார்கள். இரும்புப் பட்டைகளைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்த அந்தக் கூண்டுச் சக்கரம் சேற்றை வெட்டிப் பிடித்துத் தள்ளுகிறது. அப்படியும் சில இடங்களில், குறிப்பாக மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கி ஊறிய மூலையில், சக்கரம் இறங்கிக்கொண்டே போகும். கியர்பெட்டியின் அடிப்பாகம் சேற்றைத் தொடும். அந்த நொடியிலிருந்து வண்டி வேறு வண்டி.

கரையில் நிற்கும் பெரியவர் அதை ஓட்டுகிறவனுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். “வவுறு தட்டிக்கிச்சுப்பா, ஆக்சிலேட்டர் குடுக்காத, இன்னும் எறங்கும்!” என்று சத்தம் போடுவார். அவர் சொன்ன ஒரு வரியில் மண் இயக்கவியலின் பாதி இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஒரு பிரெஞ்சு ராணுவப் பொறியாளரிடம் போக வேண்டும். சார்ல் கூலோம் என்றால் மின்னூட்டத்தின் அலகு நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் அவர் மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டியவர். மண்ணோடு மல்லுக்கு நின்ற அனுபவத்தை 1773-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரையாக வைத்தார். மண் எங்கிருந்து வலிமை பெறுகிறது? இரண்டு இடத்திலிருந்து என்றார். ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது. இன்னொன்று, மேலிருந்து அழுத்துவதால் துகள்களுக்கிடையே வரும் உராய்வு. ஒட்டுதல் தரும் பிடி, தொடும் பரப்பைப் பொறுத்தது. உராய்வு தரும் பிடி, மேலே உட்காரும் எடையைப் பொறுத்தது. ஊறிய களிமண்ணில் உராய்வு ஏறக்குறைய பூஜ்யம். அங்கே எடை ஏற்றினாலும் பிடி கூடாது, பரப்புதான் கைகொடுக்கும். காய்ந்த ஆற்று மணலில் ஒட்டுதல் இல்லை. அங்கே எடைதான் பிடி. பனியில் இரண்டும் உண்டு, இரண்டும் கொஞ்சம்தான்.

இதை வைத்துக்கொண்டு வயிறு தட்டிய டிராக்டரைப் பாருங்கள். வண்டியின் எடையில் ஒரு பகுதியை இப்போது கியர்பெட்டி தாங்குகிறது. கியர்பெட்டி சுழலாது, தள்ளாது. சக்கரத்திலிருந்து எடை கழன்றுவிட்டதால், இருந்த கொஞ்ச உராய்வுப் பிடியும் குறைகிறது. போதாக்குறைக்கு, வழவழப்பான வயிற்றைச் சேறு கவ்விப் பிடிக்கிறது. ஆக, பிடி குறைந்த அதே நேரத்தில் இழுவை கூடிவிட்டது. சக்கரம் வேகமாகச் சுற்றினால் அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டி வெளியே எறியும். வயிறு இன்னும் அழுத்தமாக உட்காரும். பெரியவர் ஆக்சிலேட்டர் கொடுக்காதே என்றது இதற்குத்தான்.

இங்கே சிலர் பின்சக்கரங்களில் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே கட்டிச் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். கட்டை சேற்றுக்குள் போய்ப் பிடி கொடுக்கும். முதல் உலகப் போரில், 1917-ல் பாஷண்டேல் போர்க்களச் சேற்றில் மாட்டிய பிரிட்டிஷ் டாங்கிகளும் இதையே செய்தன: கனத்த ஓக் உத்தரத்தைக் கூரையில் சுமந்துகொண்டு போய், புதைந்தால் இரண்டு பக்கச் சங்கிலியிலும் பூட்டி அடியில் ஓடவிட்டன. டாங்கிக்கு அது சரிப்பட்டு வந்தது. டிராக்டரில் ஆபத்தானது. கட்டை அசையாமல் மாட்டிக்கொண்டால் சக்கரம் நிற்கும், வண்டியின் முன்பகுதி அச்சைச் சுற்றி மேலே எழும்பும், டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். இன்னொரு டிராக்டரைக் கூப்பிட்டு இழுப்பதே மேல்.

டாங்கி என்றதும் சங்கிலிப் பட்டையைப் போர்தான் கண்டுபிடித்தது என்று நினைப்போம். போருக்கு முன்பே அது ஈரக் கழனியில் ஓடியது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் ஆற்றுக் கழிமுகத்தில் மட்கிய புல்லும் இலையும் சேர்ந்த பஞ்சு போன்ற மண். நீராவி டிராக்டர்கள் அதில் அமிழ்ந்தன. ஸ்டாக்டன் ஊர்க்காரர் பெஞ்சமின் ஹோல்ட் சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் வண்டியின் மொத்த அகலம் 46 அடி ஆனது. திருப்பக்கூட முடியாத பூதம். கடைசியில் சக்கரத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, மரப்பட்டைகள் கோத்த சங்கிலியை மாட்டி 1904 நவம்பரில் ஓட்டிப் பார்த்தார். ஓடியது. இன்று வடகிழக்குப் பருவமழை முடியாத நேரத்தில் நெல் சாய்ந்து கிடக்க, “டயர் வண்டி எறங்காது, பெல்ட் வண்டியா பாருங்க” என்று அறுவடை இயந்திரத்துக்கு அலைகிறார்களே, அந்த பெல்ட் வண்டி ஹோல்டின் பேரப்பிள்ளை.

பனிவண்டி இன்னொரு பேரப்பிள்ளை. கியூபெக் மாகாணத்தின் வால்கோர் ஊரில் மெக்கானிக் ஜோசப் அர்மான் பாம்பார்டியே இருந்தார். 1934 குளிர்காலத்தில் பாதை பனியில் மூழ்கிக் கிடக்க, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அவருடைய இரண்டு வயது மகன் இறந்தான். ரப்பர் பட்டையும் அதைச் சுழற்றும் பற்சக்கரமும் கொண்ட அமைப்புக்கு 1937-ல் அவர் காப்புரிமை பெற்றார். 1959-ல் ஸ்கீ-டூ என்ற சின்ன வண்டி வந்தது. முன்னால் திருப்புவதற்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் தள்ளுவதற்கு ஒரே ஒரு ரப்பர் பெல்ட். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

இப்போது வண்டியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இருக்கைக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரி ஒரு அலுமினியக் கூடு. அதற்குள்தான் பெல்ட் ஓடுகிறது. பெல்ட்டின் வெளிப்புறத்தில் குறுக்கு வரிசையாக ரப்பர் பற்கள். மலைப்பனிக்கான வண்டியில் ஒவ்வொன்றும் இரண்டரை, மூன்று அங்குல உயரம். அலுமினியக் கூட்டின் கீழ்விளிம்பு இரண்டு பக்கமும் வெளியே மடிந்து நீள்கிறது. அதுதான் கால்பலகை. ஓட்டுகிறவர் பெரும்பாலும் அதன்மேல் நின்றுகொண்டுதான் ஓட்டுவார். பூட்ஸ் வழுக்காமலிருக்கப் பலகையெங்கும் துளைகள்; துளையின் விளிம்பு துருவல் பலகை போலப் பல் பல்லாக நிற்கும். பூட்ஸோடு வரும் பனியும் அந்தத் துளை வழியே கீழே விழுந்துவிடும்.

ஒரு தோராயக் கணக்கு. வண்டியும் ஆளும் சேர்ந்து 320 கிலோ. பெல்ட்டின் அகலம் 38 சென்டிமீட்டர், பனியில் படியும் நீளம் 140 என்று வையுங்கள். பரப்பு 5,320 சதுர சென்டிமீட்டர். சறுக்குக் கட்டைகள் சுமப்பதைக் கழிக்காமலே சதுர சென்டிமீட்டருக்கு 60 கிராம்தான் வருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, 150 சதுர சென்டிமீட்டர் பாதத்தில் 400 கிராம் வருகிறது. நடக்கிற மனிதனின் அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான் அந்த இயந்திரத்துக்கு. கெட்டிப்பட்ட பனியில் பெல்ட் சில அங்குலமே இறங்கும், பலகை காற்றில் நிற்கும். அங்கே பலகையை அறுத்தாலும் அறுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

புதிதாக விழுந்த பனி வேறு. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அதே அளவு புதுப்பனி 50 முதல் 100 கிலோதான். மீதியெல்லாம் காற்று. பெல்ட் அதை நசுக்கி, நசுக்கிய பனியே தாங்கும் அளவுக்கு இறுகும்வரை இறங்கிக்கொண்டே போகும். இதற்கிடையே மேட்டில் ஏறினால் எடை பின்னுக்குச் சரிகிறது. மூக்கு தூக்கி, வால் இறங்குகிறது. அப்போது வண்டியின் உடம்பில் தாழ்வான இடங்களில் ஒன்று கால்பலகையின் பின்முனை. டிராக்டரின் வயிறு சேற்றைத் தொட்டதுபோல அது பனியைத் தொடுகிறது.

குதிகாலுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் பலகை நீண்டிருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 1,200 சதுர சென்டிமீட்டர். பெல்ட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பெல்ட்டுக்குக் கிடைக்கும் அதே அழுத்தத்தை இந்தப் பலகையும் வாங்கினால், வண்டி எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் பெல்ட்டை விட்டுப் போய்விடும். வண்டி மிதக்கத்தான் செய்கிறது. மிதப்பது சுழலாத பலகையின் மேல். அந்த எடைக்குரிய பிடி போயிற்று. பலகையின் அடியில் உரசும் பனியும், விளிம்பில் குவியும் பனியும் பின்னுக்கு இழுக்கின்றன. பின்னோக்கி எடுத்தால் இன்னும் மோசம்: பின்விளிம்பு பரம்புபோல் பனியைக் குவித்துத் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும்.

மலைச்சரிவில் குறுக்கே போகும்போது பலகையின் அகலமும் தொல்லை தரும். அப்போது ஓட்டுகிறவர் வண்டியை மேட்டுப் பக்கம் சாய்த்து, பெல்ட்டின் ஓரத்தைச் சரிவுக்குள் கடிக்க வைப்பார். அந்தப் பக்கப் பலகை அகலமாக இருந்தால், பெல்ட்டின் ஓரம் கடிக்கும் முன்பே பலகை பனியில் உட்கார்ந்து வண்டியைக் கீழ்ப்பக்கம் நெம்பிவிடும். அறுக்கிறவர்கள் பின்முனையை நீளத்தில் குறைப்பதோடு, கொஞ்சம் சாய்வாகவும் வெட்டிக் குறுக்குவதற்கு இதுதான் காரணம். இன்றைய மலை வண்டிகள் பலவற்றில் பலகை பின்னால் போகப்போகக் குறுகியே வருகிறது. ரம்பம் எடுத்தவர்களின் பக்கம் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் சுழலாத பலகை எப்போதும் கெடுதலா? இங்கேதான் அம்மையார்குப்பம் பக்கத்துக் கழனிக்குத் திரும்ப வேண்டும். எட்டு வரிசையில் நாற்று நடும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் பற்கள் வைத்த ஒற்றை இரும்புச் சக்கரம், அதன்மேல் இன்ஜின். பின்னால் நாற்றுத் தட்டுகளுக்கு அடியில் அகலமான மிதவைப் பலகை. இந்த இயந்திரத்தில் பலகை எடையைத் தாங்க வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். பனிவண்டிக்காரர் அறுத்து எறிகிற அதே சமாச்சாரத்தை இங்கே கம்பெனியே பெரிதாக வைத்து விற்கிறது.

வித்தியாசம் சேற்றுக்கு அடியில் இருக்கிறது. வருஷா வருஷம் சேடை ஓட்டிய கழனியில், உழவு எட்டும் ஆழத்துக்குக் கீழே, ஒரு சாணுக்கு முன்பின்னாக மண் இறுகிக் கெட்டியான அடுக்காகிவிடுகிறது. நட்டபின் தண்ணீர் நிற்பதே அந்த அடுக்கால்தான். நடவு இயந்திரத்தின் ஒல்லியான சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி அந்தக் கெட்டித் தரையில் ஊன்றிக்கொள்கிறது. பிடி அங்கேயிருந்து வருகிறது. மேலே இருக்கும் பலகை, நடவு ஆழம் மாறாமல் இயந்திரத்தைச் சேற்றுப் பரப்போடு சமமாக வைத்திருக்கிறது. காலுக்குத் தரை எட்டும்வரை பலகை உதவிதான். ஆழ்பனியில் பெல்ட்டுக்கு எட்டும் தூரத்தில் தரையே கிடையாது. பிடி முழுவதும் அந்தப் பனியிலிருந்தே வந்தாக வேண்டும். அதனால் அங்கே ஒவ்வொரு கிலோவும் பெல்ட்டின் மேல் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சமன்பாடாக்கியவர் போலந்தில் பிறந்த மியேசிஸ்வாவ் பெக்கர். 1956-ல் வந்த அவருடைய நூல் நெகிழ்நிலத்தில் ஓடும் வண்டிகளைத் தனி அறிவியலாக்கியது. ஒரே பரப்புள்ள இரண்டு பட்டைகளில், அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதைவிட ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருப்பது குறைந்த தடையோடு ஓடும் என்று அவர் காட்டினார். நசுக்கித் திறக்க வேண்டிய பாதை ஒடுக்கம் என்பதால். மலை வண்டிகளின் பெல்ட் அகலத்தில் அதிகம் மாறாமல் நீளத்தில் வளர்ந்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1971-ல் அப்பல்லோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டியை உருவாக்கியதிலும் பெக்கருக்குப் பங்குண்டு. அதன் சக்கரத்தில் ரப்பர் இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியை நெய்து செய்த வலைதான். அம்மையார்குப்பத்துக்காரர்கள் பார்த்தால் பாவும் ஊடும் எண்ணிவிடுவார்கள்.

நம் நாட்டில் பனிவண்டி பார்க்க வேண்டுமானால் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுபவை உண்டு. சியாச்சினில் ராணுவத்திடம் இருக்கின்றன. அங்கே அதற்கு ஸ்னோ ஸ்கூட்டர் என்று பெயர். இந்த வண்டிகளின் பலகையை அறுக்கச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன். ஆள் ஏற்றவும் சாமான் இழுக்கவும் ஓடுகிற வண்டிக்குப் பின்னால் உட்காருபவர் கால் வைக்க இடம் வேண்டும். அறுப்பதற்கு விலை உண்டு என்பதை ரம்பக்காரர்கள் அடக்கி வாசிக்கிறார்கள். மடிந்த அந்த விளிம்புதான் மெல்லிய அலுமினியக் கூட்டுக்கு விறைப்பு. அதை வெட்டிவிட்டு ஓரத்தில் குழாய் வைத்துப் பலப்படுத்தாவிட்டால் ஒரு பாறையில் இடித்ததும் வளைந்துகொள்ளும். கால் பின்னால் நழுவினால் அங்கே பலகை இருக்காது, ஓடுகிற பெல்ட் இருக்கும். பலகையோடு கூட்டின் வாலையும் அதன் பின்னால் தொங்கும் தட்டியையும் சேர்த்துக் குறைத்தால் இன்னொரு வினை: பெல்ட் வாரி எறியும் பனிதான் கூட்டுக்கு அடியில் இருக்கும் குளிர்விப்பானைக் குளிர வைக்கிறது, அது வெளியே பறந்துவிட்டால் இன்ஜின் சூடேறும். தனி ஆளாக ஆழ்பனி மலையில் ஏறுகிறவருக்கு மட்டுமே இந்த வெட்டு லாபம்.

பனிக்கும் சேற்றுக்கும் கடைசியாக ஒரு வேறுபாடு உண்டு, அது நமக்குத்தான் முக்கியம். பெல்ட் நசுக்கிய பனியில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். சில மணி நேரத்தில் அந்தத் தடம் நடக்கத் தக்க பாதையாகிவிடும்; கோடையில் உருகியதும் சுவடே இருக்காது. கழனி அப்படி மறக்காது. ஈரம் வடியாத நிலத்தில் அறுவடை இயந்திரம் இறங்கினால், சேற்றுக்குக் கீழே இருக்கும் கெட்டி அடுக்கில் பள்ளம் விழுகிறது. அடுத்த பட்டத்தில் நடவு இயந்திரத்தின் சக்கரம் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். மிதவைப் பலகை சேற்றில் அழுந்தும், நாற்று ஒரு வரிசை ஆழமாகவும் ஒரு வரிசை மேலாகவும் விழும். பெல்ட் வண்டி அழுத்தத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. மழை விட்டுவைத்தால், அறுவடைக்குப் பத்து நாள் முன்பே மடையை அடைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.